பட்டாளத்து அடுப்பு

யுத்தத்துக்கென்று செய்த சாமான்கள் யாவும் யுத்தத்தில் அழிந்துவிடுவதில்லை. பீரங்கியும் வெடிமருந்தும் ஒருபுறமிருக்க, ஒரு பட்டாளத்துக்குப் பாதரட்சை வேண்டும், கம்பளி வேண்டும், கூடாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிப்பாயின் வயிற்றுக்குச் சூடான ஆகாரம் வேண்டும். இதற்காகச் சர்க்கார்கள் செய்து அடுக்கிவைக்கும் பாத்திரங்களும் அடுப்புகளும், தேவை தீர்ந்தவுடன் 'உபரிச் சாமான்' என்ற பெயருடன் கடைத்தெருவுக்கு வந்து சேர்கின்றன.

அவ்வாறு வந்த ஸ்வீடன் பட்டாளத்து ஸ்பிரிட் அடுப்பு ஒன்று சில வருஷங்களாக நம்மிடம் இருக்கிறது. அந்தத் தேசத்தில் சிறிது காலம் தங்கும்படி நேர்ந்தபோது வாங்கினோம். அங்கே பிறர் நிலத்திலுங்கூட, வீட்டை நெருங்காமலும் பயிரை மிதிக்காமலும், யாரும் நடந்து செல்லலாம். ஓரிரவு கூடாரமும் போடலாம். இது அந்த ஜனங்களின் பழைய உரிமை. ஆகையால் மலையும் ஏரியும் சுற்றுகிறவர்கள் ஆளுக்கொரு சிறு அடுப்பை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுவது அங்கே சர்வசாதாரணம். நம் வீட்டு அத்தை இதைப் பார்த்ததும், "ஏண்டாப்பா, இந்தச் சொப்பில் எத்தனை பேருக்கு வடிக்கப் போகிறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இது குடும்பத்துக்கு வடிக்கும் அடுப்பல்ல. ஒருவருக்கு, அல்லது காப்பி மட்டுமானால் இருவருக்கு, போதுமானது.

இதன் பெயர் 'எம்/40'. 1940-ஆம் வருஷத்து மாதிரி என்பது பொருள். அந்த ஏப்ரல் மாதத்தில் ஜெர்மானியர் டென்மார்க்கிலும் நார்வேயிலும் புகுந்தார்கள். ஸ்வீடன் யுத்தத்தில் சேரவில்லை. ஆயினும் மேற்குக் கடல்வழி வியாபாரம் அடைபட்டு, பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கிடைப்பது அரிதாயிற்று. அந்தத் தேசத்தாரோ 1909-லிருந்தே காகிதக்கூழ் ஆலைகளின் கழிவு நீரிலிருந்து ஸ்பிரிட் வடிக்கப் பழகியிருந்தார்கள். தங்கள் காட்டு மரத்திலிருந்தே அடுப்புக்கும் மோட்டாருக்கும் எரிபொருள்! சுதேசியம் என்ற சொல்லை அவர்கள் அறியாவிட்டாலும் அதன் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் தாய்மார்கள் நெடுங்காலம் கையாண்ட பம்ப் ஸ்டவ்வும் ஸ்வீடனில் பிறந்ததுதான். 1892-இல் ஸ்டாக்ஹோம் நகரில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்தது அது. அதன் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்திச் சூடேற்ற வேண்டும். பிறகு பம்ப் அடிக்க வேண்டும். துவாரம் அடைத்தால் பின் குத்த வேண்டும். அதன் உக்கிரமும் இரைச்சலும், வெடித்தால் விளையும் விபத்தும் நம் வீடுகள் அறிந்தவை. ஸ்பிரிட் அடுப்பிலோ பம்பும் இல்லை, பின்னும் இல்லை. சுழலும் பாகம் ஒன்றும் கிடையாது. ஆகவே கெட்டுப்போவதற்கும் ஒன்றும் கிடையாது. நள்ளிரவில், விறைத்த விரல்களுடன், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையன் கையாள வேண்டிய பொருளுக்கு இதைவிடச் சிறந்த யோக்கியதை வேறென்ன?

அமைப்பையும் சொல்லிவிடுகிறோம். வாளிபோல் வளைகம்பி வைத்த பாத்திரம் ஒன்று. அதை மூடும் தட்டு ஒன்று, இது மடக்குப் பிடியுடன் வாணலியாகவும் உதவும். காற்றைத் தடுக்கும் தகட்டுக்கூடு ஒன்று. பித்தளை விளக்குக் கிண்ணம் ஒன்று. எரிபொருள் குப்பி ஒன்று. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கிவிடும். பித்தளைக் கிண்ணத்துக்கு இரட்டைச் சுவர். இடையில் ஸ்பிரிட்டை உறிஞ்சும் திரி இருக்கிறது. பற்றவைத்ததும் நடுவில் மட்டும் சோம்பலாக எரியும். ஒரு நிமிஷம் சென்றபின் கிண்ணம் சூடேறி, ஸ்பிரிட் ஆவியாகி, விளிம்பைச் சுற்றியுள்ள நுண்துவாரங்களின் வழியே பூவிதழ்போல் சுடர்கள் எழும். அப்பொழுதுதான் பாத்திரத்தை ஏற்ற வேண்டும். கூட்டின் அடியில் உள்ள துவாரங்கள் காற்று வரும் திசையை நோக்கியிருந்தால் தீ நன்றாய் எரியும்.

குறையையும் மறைக்கலாகாது. எடைக்கு எடை பார்த்தால், மண்ணெண்ணெய் தரும் உஷ்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட ஸ்பிரிட் தராது. அரை லிட்டர் நீர் கொதிக்க நமக்கு ஏழெட்டு நிமிஷமாகிறது. கடுங்குளிரில் ஸ்பிரிட் எளிதில் பற்றாது. கிண்ணத்தைச் சற்று நேரம் சட்டைப் பையில் வைத்து உடற்சூட்டில் வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். பொறுமையில்லாதவர்கள் காஸ் அடுப்பையே நாடுவது உத்தமம்.

இனி, வாங்குவோர் கவனிக்க வேண்டியவை. முதலில் பித்தளைக் கிண்ணம். அதைக் காகிதத்தின்மேல் வைத்து, சிறிது ஸ்பிரிட் ஊற்றி, பற்றவைக்காமலே கால்மணி பொறுத்துப் பார்க்கலாம். காகிதத்தில் ஈரம் கண்டால் பொருத்துவாயில் கீறல் இருக்கிறது, வேண்டவே வேண்டாம். திருகு மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிது மாற்றிக்கொள்ளலாம். பாத்திரங்கள் அலுமினியத்திலும் உண்டு, துருப்பிடியா எஃகிலும் உண்டு. அலுமினியம் லேசு, சீக்கிரம் சூடேறும். ஆனால் புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருந்த நம் பாட்டிமார்களுக்கு எதற்கு எந்தப் பாத்திரம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புளிச் சமையல் செய்ய விரும்புகிறவர்கள், பளுவானாலும் எஃகையே எடுத்துக்கொள்ளட்டும். அலுமினியத்தின் உட்புறத்தில் குழிகள் விழுந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். வெளிப்புறத்தில் பழைய வர்ணம் உரிந்துகொண்டிருந்தாலும் யோசிக்க வேண்டும். அக்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பழைய குப்பியில் முன்பு என்ன இருந்ததென்று தெரியாது. புதிது வாங்குவதே நலம். விளக்கு ஓரிடத்திலும் கூடு ஓரிடத்திலுமாகப் பொறுக்காமல், முழு ஜோடியாக வாங்குவது சிக்கனம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எரிபொருள். ஸ்பிரிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வஸ்துக்கள் நடமாடுகின்றன. ஒன்று எத்தனால், மற்றது மெத்தனால். பார்வைக்கு இரண்டும் தண்ணீர்போலவே இருக்கும். மெத்தனாலோ கொடிய விஷம். சிறிதளவு உள்ளே சென்றாலும் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க முடியுமா? தமிழ்நாட்டில் இவ்வகை ஸ்பிரிட்டுகளுக்கு 1959-லிருந்தே விதிகள் இருக்கின்றன. சட்டத்துக்குட்பட்ட இடத்தில், இன்ன வஸ்து என்று சீட்டு ஒட்டிய குப்பியையே வாங்க வேண்டும். அடுப்புக்கு எத்தனாலையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்வீடனில் யாரும் குடித்துவிடாதபடி அதற்குக் கசப்பும் சிவப்பு நிறமும் ஏற்றி விற்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் குடிநீர்க் குப்பிகளின் பக்கத்தில் அது ஒருநாளும் இருக்கலாகாது.

எரிகிற ஸ்பிரிட்டின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அணைந்துவிட்டதென்று எண்ணிக் குப்பியிலிருந்து ஊற்றினால் தீ குப்பிக்குள்ளேயே பாயும். இந்த அடுப்பினால் நேரும் பெரிய விபத்து இதுவே. ஆகவே கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பலாகாது. தீர்ந்தபின் கை பொறுக்கும்வரை ஆறவிட்டே மறுபடி ஊற்ற வேண்டும். சூடாயிருக்கையில் திருகு மூடியைப் போட்டால் ரப்பர் உருகிவிடும். தீயை அணைப்பதற்கென்றே உள்ள மூடியைத்தான் உபயோகிக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் நீர் கலந்தால் பாத்திரத்தில் கரி படிவது குறையும். கூடாரத்துக்குள்ளோ, அடைத்த அறையிலோ எரிக்கலாகாது. அங்கே உண்டாகும் நச்சுப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கோடையில் காட்டில் தீ மூட்டத் தடையுண்டா என்று விசாரித்துக்கொள்வதும் பிரயாணியின் கடமை. 2018-ஆம் வருஷக் கோடையில் ஸ்வீடனின் காடுகள் பெருந்தீயில் எரிந்தன.

இந்த அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சிந்தனை எழுவதுண்டு. ஸ்வீடன் 1814-க்குப் பிறகு எந்தத் தேசத்தோடும் யுத்தம் செய்யவில்லை. ஆகவே இந்த அடுப்பு போர்க்களத்தைக் கண்டதில்லை. வராத யுத்தத்துக்காகச் செய்து, எண்ணெய் துடைத்து, கிடங்கில் வைத்திருந்தார்கள். பகை தணிந்ததென்று எண்ணிப் பட்டாளத்தைச் சுருக்கியபோது, கிடங்குச் சாமான் ஜனங்களிடம் வந்தது. 2010-இல் கட்டாயச் சேவையையே நிறுத்தினார்கள். காலம் மறுபடி மாறிற்று. 2017-இல் அதை மீண்டும் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். 2024-இல் நேட்டோ கூட்டணியிலும் சேர்ந்துவிட்டார்கள். சமாதானம் எவ்வளவு மெல்லிய சரக்கு!

ஜனங்களின் வரிப்பணத்தில் செய்த பாத்திரம், யார் ரத்தத்தையும் காணாமல், ஜனங்களின் கைக்கே திரும்பி, ஓர் ஏரிக்கரையில் காப்பி காய்ச்சுகிறது. ஒரு பட்டாளத்துச் சாமானுக்கு இதைவிட நல்ல முடிவை நாம் விரும்ப முடியாது. எந்தத் தேசத்துச் சிப்பாயின் அடுப்பும் இப்படியே முதுமை அடையட்டும்.