பரம்பரைக் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் 'சரிபார்' என்பதுதான் மந்திரம். போல்ட்டை முடுக்கியவர் ஒரு தடவை பார்ப்பார், கடைசியில் குவாலிட்டிக்காரர் ஒரு தடவை பார்ப்பார். வண்டி வெளியே போய்விடும். விஷயம் அதோடு முடிந்தது.

என் சித்தப்பா மகனுக்கு மட்டும் முடிவதில்லை. அங்கே ஓர் உதிரிபாக கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. 'அவன் செக் பண்ணினா தப்பே வராது' என்று நல்ல பெயர். ஆனால், அறையைப் பூட்டிவிட்டு இருபது தடவை இழுத்துப் பார்ப்பான். கம்பெனி பஸ் போயே போய்விடும். 'பூட்டியாச்சுன்னு தெரியுதுண்ணே, மனசு நம்ப மாட்டேங்குது' என்பான். டாக்டர் சொன்ன பெயர் ஓ.சி.டி. தமிழில், எண்ணச் சுழற்சி நோய்.

மாத்திரையில் ஓரளவு தேறினான். பெண் பார்க்க ஆரம்பித்ததும் அடுத்த பிரச்னை. 'வேணாம்ணே. அப்பாகிட்ட இருந்து எனக்கு வந்துச்சு. என் புள்ளைக்கும் வரும்ல?'

சித்தப்பா கை கழுவ ஆரம்பித்தால் சோப்பு கரைந்துவிடும். 'சுத்தக்காரர்' என்று ஊரே மெச்சியது. வைத்தியம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் பி.காம். கணக்குதான் தெரியும். அதையே சொன்னேன். 'இது வீடு, நிலம் மாதிரி அப்படியே கைமாறும் சொத்து இல்லைடா. 2025-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வில் 53,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்தார்கள். தொடர்புள்ளதாக 30 இடங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் பங்கும் சில்லறைக் காசு. ஒரே மரபணுக்கள் உள்ள இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது உண்டு.'

'பெத்தவங்களுக்கு இருந்தா நாலு மடங்கு ஆபத்துன்னு போட்டிருக்கேண்ணே?'

'எதுல நாலு மடங்கு? நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்றதுல. பெருக்கிப் பாரு. பத்துப் பிள்ளைல ஒன்பதுக்கு வராது. வந்தாலும், உங்கப்பாவுக்குக் கிடைக்காத வைத்தியம் அதுக்குக் கிடைக்கும்.'

மாத்திரையோடு இப்போது பயிற்சியும் எடுக்கிறான். பூட்டை ஒரே தடவை பார்க்க வேண்டும். மனசு பதறினாலும் திரும்பாமல் நடக்க வேண்டும். பதற்றம் தானே அடங்கும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். அரசின் இலவச சேவை, தமிழிலேயே பேசுவார்கள்.

கல்யாணத்துக்கு இன்னும் 'சரி' சொல்லவில்லை. 'பொண்ணு வீட்ல மறைக்காம சொல்லிடலாமாண்ணே?' என்று போன வாரம் கேட்டான். பாதி சம்மதம் என்கிறார் சித்தி. எனக்கென்னவோ முக்கால்வாசி என்றே படுகிறது.