கானாவில் கரண்ட் போன நேரம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். இதில் என் பிழையும் இருக்கிறது.

போன மாதம் எங்கள் பாடசாலை அலுவலகக் கணனியில் வைரஸ் புகுந்து, தரம் 11 பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் போய்விட்டன. ஒரு பைலும் திறக்கவில்லை. "கிளார்க் தம்பி கண்டதையும் டவுன்லோட் பண்ணியிருப்பார்" என்று ஸ்டாப் ரூமில் பேச்சு. பாவம், மூன்று நாள் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தார். ஆனால் போட்டோ கொப்பிக் கடையில் போட்டெடுத்த பென் டிரைவை அன்று காலை அந்தக் கணனியில் செருகியது நான். வீட்டில் போட்டுப் பார்த்தபோது அதிலும் அதே வைரஸ்.

வெட்கம் என்னவென்றால், வணிகக் கல்விப் பாடத்தில் மெர்ஸ்க் கப்பல் கம்பனியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் நான்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த கம்பனி அது. நாம் கடையில் வாங்கும் பால்மா, பருப்பு போன்றவை கடல் கடந்து வருவது இப்படியான கம்பனிகளின் கொள்கலன்களில்தான். 2017 ஜூன் 27ஆம் திகதி அவர்களது கணனித் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நொட்பெட்யா என்ற வைரஸ். குறி வைக்கப்பட்டது உக்ரைன். அங்கே கணக்கு வேலைக்குப் பாவிக்கும் ஒரு மென்பொருளின் அப்டேட்டில் அது ஒளிந்திருந்தது. மெர்ஸ்க்கின் ஒடெசா அலுவலகத்தில் அந்த மென்பொருள் இருந்தது ஒரேயொரு கணனியில் என்கிறார்கள். அந்த ஒரு வாசல் போதுமாக இருந்தது.

கடலில் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எந்தக் கொள்கலனுக்குள் என்ன, யாருக்குப் போக வேண்டும் என்ற விபரம் துறைமுகத்தில் இல்லை. 76 முனையங்களில் 17இல் வேலை குழம்பியது. வாசலில் லொறிகள் வரிசை கட்டி நின்றன. ஊழியர்கள் தங்கள் சொந்த வாட்ஸ்அப்பில் ஓடர் எடுத்தார்கள், பேப்பரில் எழுதினார்கள்.

கணனிகளைத் திரும்ப எழுப்ப, யாருக்கு எந்த அனுமதி என்பதைக் காட்டும் தாய்ப் பதிவேடு வேண்டும். அதன் பிரதிகள் உலகம் முழுக்க சுமார் 150 கணனிகளில் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றது உதவும் என்ற நம்பிக்கை. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன.

ஒன்று மட்டும் தப்பியது. கானாவில். காரணம், வைரஸ் வருமுன் அங்கே கரண்ட் போயிருந்தது! இங்கிலாந்துக்கு அனுப்ப இன்டர்நெட் வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் அந்த ஹார்ட் டிஸ்க்கை நைஜீரியாவுக்குக் கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். 10 நாளில் 4,000 சேவர்களும் 45,000 கணனிகளும் புதிதாக அமைக்கப்பட்டன. நட்டம் 25 முதல் 30 கோடி டொலர்.

அடுத்த ஆண்டு டாவோஸ் மாநாட்டில் கம்பனியின் தலைவர் ஜிம் ஸ்னாபே, இணையப் பாதுகாப்பில் தாங்கள் சராசரியாகத்தான் இருந்தோம் என்று உலகத்தின் முன் ஒப்புக்கொண்டார்.

அவ்வளவு பெரிய மனிதருக்கு வந்த தைரியம் எனக்கு நாலாம் நாள்தான் வந்தது. அதிபரிடம் சொன்னேன். பிறகு ஸ்டாப் ரூமில் எல்லோர் முன்னாலும் கிளார்க் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எங்களுக்கும் ஒரு கானா இருந்தது. கணனியை நம்பாத மூத்த ஆசிரியை ஒருவர் எல்லாப் பாடப் புள்ளிகளையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் எத்தனை தரம் அதைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணியிருக்கிறோம்! அந்தக் கொப்பியை வைத்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தோம்.

கடை வைத்திருப்பவர்கள், சங்கக் கணக்கு எழுதுபவர்கள், பிள்ளைகளின் போட்டோக்களைப் போனில் மட்டும் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். ஒரு பிரதி எடுங்கள். எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கணனியிலேயே செருகிக் கிடக்கும் பிரதி, பிரதியே அல்ல.

பிழை உங்களுடையது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பைல் திரும்ப வரும். ஒருவர் தலைகுனிந்து திரிந்த மூன்று நாள் திரும்ப வராது.