பேஸ்மென்டுக்கு யார் காப்பு?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கப் போகும் எங்கடை ஆட்கள் முதலில் பார்ப்பது பேஸ்மென்டுக்குத் தனிவாசல் இருக்கிறதா என்பதைத்தான். மோர்ட்கேஜில் ஒரு பங்கை அந்த வாசல்தான் கட்டுகிறது. குடிவருபவர் தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருப்பார். ஊர் எது, ஆர் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத் திறப்பைக் கொடுத்துவிடுவார்கள். காப்புறுதிப் பேச்சே எழாது. 'வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் கட்டுறார்தானே' என்று கீழே இருப்பவருக்கு நிம்மதி. ஆள் வைத்திருப்பதைச் சொன்னால் கட்டணத்தை ஏற்றிவிடுவார்கள் என்று மேலே இருப்பவர் வாயே திறப்பதில்லை.

2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. நகரெங்கும் பேஸ்மென்டுகளில் சாக்கடைத் தண்ணீர் ஏறியது. 2024 ஜூலையிலும் வெள்ளம் வந்தது. இப்படியான நாளில் வீட்டுக்காரரின் காப்புறுதி சுவரையும் தரையையும் பார்க்கும்; அதுவும் சாக்கடைத் தண்ணீர் ஏறுவதற்கான 'சூவர் பேக்கப்' இணைப்பைத் தனியாகக் காசு கட்டி எடுத்திருந்தால். குடியிருப்பவரின் மெத்தையும் லாப்டொப்பும் அதில் சேராது. ஆள் இருப்பதையே மறைத்திருந்தால், வீட்டுக்காரருக்கும் கைவிரிக்கக் காப்புறுதிக் கம்பனிக்குக் காரணம் கிடைத்துவிடும்.

தீ இன்னும் பொல்லாதது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுப் போனில் கதைத்துக்கொண்டிருந்தால் குசினி போகும். கம்பனி வீட்டுக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கவனக்குறைவு என்று குடியிருப்பவர் மேல் வழக்குப் போடலாம். குடியிருப்பவர் தனக்கென்று எடுக்கும் காப்புறுதியின் பெரிய பயன் அந்தப் பொறுப்பை அது ஏற்பதுதான். வேறிடத்தில் தங்கும் செலவையும் பெரும்பாலும் கொடுக்கும். ஆனால் நகைக்குப் பெரும்பாலும் உச்சவரம்பு உண்டு. தாலிக்கொடியைத் தனியாகப் பதியாவிட்டால் முழுப் பெறுமதி வராமல் போகலாம். எங்கள் வீடுகளில் இதை முதலில் கேட்க வேண்டும், ஒருவரும் கேட்பதில்லை.

2018 ஏப்ரல் 30 முதல் ஒன்ராறியோவில் பெரும்பாலான புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கு அரசின் பொதுப் படிவம் கட்டாயம். குடியிருப்பவருக்குப் பொறுப்புக் காப்புறுதி வேண்டுமா, வேண்டாமா என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவரிடம் அதைக் காட்டினேன். "அவன் எங்கடை பெடியன், என்னெண்டு கேக்கிறது?" என்றார். ஒருவழியாகக் கம்பனிக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். கட்டணம் ஏறியது. அடுத்ததாய் வருபவரிடம் வாடகையைக் கூட்டிக் கேட்கப்போகிறாராம்.