சம்பளமில்லாத வேலையாள்

சென்னையில் வண்ண மீன் என்றதும் கொளத்தூர்தான் ஞாபகத்துக்கு வரும். கடைகளில் தங்கமீன், மோலி, கப்பி என்று பையில் போட்டுக் கொடுத்த பிறகு, கடைசியாக ஒரு கறுப்பு மீனையும் காட்டுவார்கள். "சக்கர் ஃபிஷ் சார். தொட்டியை அதுவே கிளீன் பண்ணிடும். தனியா சாப்பாடு போட வேண்டாம்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், வேலை மட்டும் செய்யும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இங்கேயே சந்தேகம் வர வேண்டும். செலவே இல்லாத வரவு எந்தப் பேரேட்டிலும் கிடையாதே! யாரோ ஒருவர் அந்தச் செலவைச் சுமந்துகொண்டுதான் இருப்பார். இங்கே சுமப்பது அந்த மீன்.

சக்கர் மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்க ஆறுகள். கல்லிலும் கட்டையிலும் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். அதுவரை சரி. ஆனால் மற்ற மீன்களின் கழிவைத் தின்று அது வாழாது. புதிதாக வாங்கிய கண்ணாடித் தொட்டியில் இருக்கும் பாசி அதன் பசிக்குப் போதவே போதாது. அப்புறம் என்ன, பட்டினிதான். வயிறு ஒட்டி, கண் குழி விழுந்து மெல்ல மெல்லச் சாகும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருப்பதால் வீட்டில் எல்லோரும் அது வேலை செய்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பாவம்!

இத்தனைக்கும் அதற்கு வேண்டியது நம் சமையலறையிலேயே இருக்கிறது. வெள்ளரிக்காய், பாலக்கீரை, பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் தின்னும். நன்றாகக் கழுவ வேண்டும், பூச்சிமருந்து இருக்கலாம். தோலைச் சீவிவிட்டால் இன்னும் நல்லது. வெள்ளரியை வட்டமாக நறுக்கி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவைக்க வேண்டும். கிழங்கு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வேக வேண்டும். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கூடாது. பொரியலில் மிச்சமானதைப் போடலாமா என்று கேட்காதீர்கள்!

வெள்ளரித் துண்டு மிதக்கும். ஒரு எவர்சில்வர் முள்கரண்டியில் குத்திப் போட்டால் அடியில் போய் உட்காரும். சக்கர் மீன் இரவில் மேய்வது. அதனால் விளக்கை அணைத்த பிறகு போட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இதுதான் முக்கியம். நம் ஊர் வெயிலில் காய் சீக்கிரம் அழுகும். அழுகினால் தண்ணீரில் அமோனியா கூடும், தொட்டியில் உள்ள எல்லா மீனுக்கும் ஆபத்து. வெள்ளரியில் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காய், மற்ற நாளில் அடியில் மூழ்கும் மாத்திரைத் தீனி என்று மாற்றிக் கொடுக்கலாம்.

தங்கமீனுக்கும் இதில் பங்கு உண்டு. அதற்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கிக் கொஞ்சமாகப் போட்டால் விரும்பித் தின்னும். மோலிக்குக் கீரை என்றால் கொண்டாட்டம்.

நன்றாகச் சாப்பிட்டால் சக்கர் மீன் வளரும். அங்கேதான் அடுத்த பிரச்சினை. விரல் நீளத்தில் வாங்கியது ஒன்றரை அடி வரை போகும். தொட்டி கொள்ளாது. உடனே பலரும் செய்வது, பக்கத்து ஏரியில் விட்டுவிடுவது. புண்ணியம் என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் மேலே வந்து காற்றைக் குடித்து அது பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. வலை வீசுகிறவருக்குக் கெண்டைக்குப் பதில் இதுதான் மாட்டுகிறது. முள் குத்தி வலையும் கிழிகிறது. இங்கே இதை வாங்கிச் சாப்பிடுவாரும் இல்லை. தொட்டிக்காரர் தட்டிக்கழித்த செலவு மீனவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எவ்வளவு பெரிதாகும்?" சின்னத் தொட்டிதான் என்றால் பிரிஸ்டில்நோஸ் என்ற வகையைக் கேளுங்கள். அது அரையடிக்கு மேல் வளர்வது அபூர்வம். ஏற்கெனவே வீட்டில் பெரிய சக்கர் இருந்தால் ஏரிக்கு எடுத்துப் போகாமல், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கடையிலோ கொடுத்துவிடுங்கள். அதுவரை இன்று இரவே ஒரு துண்டு வெள்ளரி போட்டு வையுங்கள்.