கை படும் இடத்துக் கையெழுத்து

அண்ணனூர் ஷெட்டுக்குக் காலியாகத் திரும்பும் மின்வண்டிச் சத்தம் கேட்டால் அண்ணனின் கிவ்சன் கிடார்தான் ஞாபகம் வருகிறது. வண்டி கடக்கும்வரை கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்திக்கொண்டு காத்திருப்பான்.

அம்பத்தூரில் ஒரு ரிசப்ஷன். அவன் மெல்லிசைக் குழுவில் வாசித்தான். சினிமாவுக்கு வாசித்த மூத்த கிடார்க்காரர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். கையெழுத்துக்காக அண்ணன் கிடாரை நீட்ட, பேனா பாலிஷ்மேல் வழுக்கியது. தொழிற்பேட்டைக் கம்பெனியில் அட்டைப்பெட்டிமேல் எழுதும் மார்க்கர் அப்பாவின் பையில் இருந்தது. அதை வாங்கி, அவர் அழகாகப் போட்டார், வாசிக்கும்போது முன்கை உரசும் விளிம்பிலேயே.

அன்றுமுதல் வீட்டில் ஒரே பேச்சு: "அந்தப் பக்கம் துடைக்காதம்மா."

அடுத்த தெரு மிருதங்க வாத்தியார் சிரித்தார். "எங்க வாத்தியத்துல எங்கப்பா போடறது? மூட்டு மாத்தினா தோலோட போச்சு. கட்டையில போட்டா வார் மறைச்சிடும்." பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தைக் கச்சேரி ரசிகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருந்தார்கள்? 2020-இல் டி.எம்.கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் வந்தபிறகுதான் வெளியே பேசினார்கள். வாசித்தவர் கையெழுத்துக்கு நாம் அலைகிறோம், செய்தவர் பெயரைக் கேட்பதுகூட இல்லை. ஸ்ட்ராடிவாரி இதில் கெட்டிக்காரர். பெயரை அச்சிட்டு ஆண்டைக் குறித்த காகிதத்தை வயலின் வயிற்றுக்குள் ஒட்டினார். துளை வழியே கண் போகும், கை போகாது. பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் பேஸ் கிடாரிலும் 1966 ஆகஸ்ட் சான் பிரான்சிஸ்கோ கச்சேரியின் பாட்டுப் பட்டியல் ஒட்டியபடியே நெடுங்காலம் இருந்தது. அது பக்கவாட்டில், கை அதிகம் படாத இடம்.

அண்ணனின் கிடாருக்கு மேலே வார்னிஷ் அடித்துவிடலாம் என்றார் அப்பா. ஆவடியில் கட்டில், பீரோவுக்குப் பாலிஷ் போடுபவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு மரத்துண்டில் அதே மார்க்கரால் கிறுக்கி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு இழு இழுத்தார். கிறுக்கல் ஊதாக் கறையானது. "லாக்கர் அடிச்சாலும் இதே கதிதான் சார், எழுத்து ஓடிடும்." வந்த வேலையைத் தட்டிக்கழித்த அந்த மனிதர்மேல் இன்றும் எனக்கு மரியாதை.

அப்புறம் அண்ணன் முழுக்கைச் சட்டைக்கு மாறினான். துணியும் தேய்க்கத்தான் செய்யும். வேர்வையும் ஜன்னல் வெயிலும் பாக்கியைப் பார்த்துக்கொண்டன. முதல் எழுத்து போய், கடைசிச் சுழி மட்டும் தங்கியது. அதற்காக அவன் வாசிப்பைக் குறைக்கவில்லை. அதுதான் சரி.

கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் மார்க்கரை நீட்டும்போதே இடத்தையும் காட்டிவிடுங்கள். கிடாரென்றால் தலைப்பகுதியின் பின்புறம். எலக்ட்ரிக் கிடாரில் திருகு கழற்றினால் தனியே வரும் பிளாஸ்டிக் தகடு இன்னும் நல்லது. அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு வேறு தகடு பொருத்தி வாசிக்கலாம். அன்றைக்கே ஒரு படமும் எடுத்துவையுங்கள். மேலே எதையும் பூசாதீர்கள்.