ஏசிக்கு கேஸ் போட்டுவிடாதே, வசு

அடியே வசு,

நீ போனில் கேட்டபோது ஓரகத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரரை இழுக்காமல் எங்கள் கார் ஏசி கதையைச் சொல்லவே முடியாது. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் ஒன்று. வேலூர் வெயிலுக்குப் பயந்து அந்த ஆளிடம் கேஸ் போடச் சொல்லிவிடாதே. 'வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துடும்மா' என்றானாமே, நல்ல கதை! அது என்ன அடுப்பு சிலிண்டரா, எரிய எரியத் தீர்ந்துபோக? மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு. ரப்பர் குழாய் வழியாகப் பல வருஷத்தில் கொஞ்சம் கசியும், அது வேறு. வருஷத்துக்கு ஒரு தடவை காலியானால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இப்போது எங்கள் கதை. மாமியாரின் தங்கை பேத்திக்குக் கோவில்பட்டியில் காதுகுத்து. கத்திரி வெயில். முன் சீட்டில் கொழுந்தனார் காலை நீட்டிக்கொண்டு, பின்னால் நாங்கள் மூன்று பேரும் சீர்த்தட்டும். மதுரையை விட்டுக் கிளம்பினதுதான் தாமதம், கப்பலூர் டோல்கேட் வரிசையில் ஏசி அனலாக ஊதுகிறது. பட்டுத்தலைப்பால் விசிறிக்கொண்டே 'வேன் பிடிச்சிருக்கலாம்' என்றார் மாமியார். அது எனக்கு. டோலைத் தாண்டி நாலு வழிச்சாலையில் வேகம் எடுத்ததும் ஜில்லென்று ஆகிவிட்டது. எட்டூர்வட்டம் டோலில் நின்றோமோ இல்லையோ, மறுபடியும் அனல்.

'கேஸ் கம்மிண்ணே' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் கொழுந்தனார். அவருக்குத் தெரியாத விஷயம் ஏது! இப்போது பழைய கார் ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டு திரிகிறாரே, அதற்கு முன்பணம் ஓரகத்தியின் ரெட்டைவடச் செயின். அவளோ அது லாக்கரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

ஊர் திரும்பியதும் இவர் வண்டியைப் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொண்டுபோய் விட்டார். குளுகுளு அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, 'கம்ப்ரசர் போயிடுச்சு சார்' என்று 20,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் நீட்டினார்கள். இவர் தலையாட்டிவிடுவார் என்று தெரியும். 'வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்' என்று எழுந்துவிட்டேன்.

அப்பாவுக்குப் பழக்கமான ஏசி மெக்கானிக் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் பானெட்டைத் திறக்கும் முன்னே கேட்டது இதுதான்: 'ஓடும்போது குளுருதா, நிக்கும்போது குளுருதா?' இவர் விழித்தார். நான் சொன்னேன். உடனே இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். 'டிக்' என்று ஒரு சத்தம், கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கிற சத்தம். 'அம்மா, கம்ப்ரசர் உசிரோடதான் இருக்கு' என்றார். (இவர் எங்கோ படித்தாராம்: ஏசியோடு வந்த முதல் கார்களில் ஒன்றான 1940 மாடல் பேக்கார்டில் இந்தக் கிளட்சே கிடையாதாம். ஏசி வேண்டாமென்றால் இறங்கி பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்.)

சிவப்பும் நீலமுமாக இரண்டு கேஜை மாட்டினார். சிவப்பு முள் 200, 250 பிஎஸ்ஐயில் நிற்க வேண்டியது, 300-ஐயும் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பிறகு அந்த மனிதர் செய்தது என்ன தெரியுமா? ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டன்சர் மேல் ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். ஆவி பறக்க முள் சரசரவென்று இறங்கியது. உள்ளே ஜில் காற்று. கண்டன்சர் ஃபேன் சுற்றவே இல்லையடி! ரோட்டில் எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது, டோலில் யார் செய்வார்கள்? சூடு போக வழியில்லாமல் பிரஷர் ஏறி, கம்ப்ரசர் தானாகவே கட்டாகிவிடுகிறது.

ஃபேன் மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தது. ஹாரனுக்கும் அதற்கும் ஒரே மாதிரி ரிலே. ஹாரன் ரிலேயைப் பிடுங்கி அதில் செருகினார், ஃபேன் சுற்றியது. கைவசம் புது ரிலே இல்லை, 'நாளைக்கு வாங்கிப் போட்டுக்குங்க' என்று அப்படியே அனுப்பிவிட்டார். மாட்டுத்தாவணி வழியாக, சாயங்கால நேரத்தில், ஹாரன் இல்லாமல்! கண்ணாடியை இறக்கி 'அண்ணே, ஓரம்!' என்று இவர் கத்திக்கொண்டே வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் வண்டியைப் பற்றி நீ சரியாகச் சொல்லவில்லை. காற்றே குறைவா? டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கும், உருவிப் பார். எங்களதில் வேப்பஞ்சருகு மெத்தையாக இருந்தது. காற்று நன்றாக வந்து குளிர்ச்சி மட்டும் இல்லை, 'டிக்'கும் கேட்கவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம், ஃபியூஸாகவும் இருக்கலாம். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப்பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் ஒழுகுகிற இடம் அதுதான். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கசிந்து வரும்.

ஒழுக்கை அடைத்த பிறகு கேஸ் போடட்டும். அதற்கு முன் வேக்யூம் பம்பு மாட்டி அரைமணி நேரமாவது உறிஞ்ச வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும், தராசில் வைத்து அவ்வளவுதான் ஏற்ற வேண்டும். கூடினாலும் குளிராது. தராசே கொண்டுவராமல் 'கண்ணளவு போதும்மா' என்றால், காபி கொடுத்து அனுப்பிவிடு.

உன் நாத்தனார் பெண்ணுக்குப் பேசிய அந்தக் காட்பாடி வரன் என்ன ஆச்சு? ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள், நான் நம்பவில்லை. விவரமாக எழுது.

உன்,
மதுரைக்காரி