ஐ.சி.யா? என்.சி.யா?

வெளிநாடுகளில் கேரவன் என்று ஒரு வண்டி உண்டு. அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். "நமக்கெல்லாம் எப்போடா?" என்று ஏங்கும் நண்பர்களே, கிட்டத்தட்ட அப்படி ஒரு வண்டியில் அடியேன் நேபாளமே போய் வந்தாச்சு. வேறொன்றுமில்லை, நம்மூர் காசி யாத்திரை பஸ்! டாப்பில் அண்டா குண்டா, டிக்கியில் கேஸ் அடுப்பும் அரிசி மூட்டையும், சீட்டில் 38 பெரியவர்கள்.

2024 மே விடுமுறை. டிரைவர் என் மாமா. கிளீனர் கடைசி நேரத்தில் வரவில்லை. "ஆட்டோமொபைல்தானே படிக்கிறே, வா மாப்ளே" என்று என்னை ஏற்றிக்கொண்டார். கணக்கு நோட்டும் என் தலையில் விழுந்தது.

கோரக்பூர் தாண்டி சுனௌலி எல்லை. டேங்கை இந்தப் பக்கமே நிரப்பிக்கொண்டோம். நேபாளத்துக்கு எண்ணெய் நம் இந்தியன் ஆயிலிடமிருந்துதான் போகிறது. மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கி.மீ. குழாயே 2019இல் போட்டுவிட்டார்கள். இருந்தும் அப்போது அங்கே டீசல் விலை அதிகமாக இருந்தது. 2018 டிசம்பரில் போட்ட தடையால், நாங்கள் போனபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட நம் நோட்டு அங்கே செல்லாது. கட்டுக் கட்டாக நூறு ரூபாய் நோட்டுகளை ஒரு டிபன் கேரியரில் வைத்து மடியிலேயே சுமந்தேன்.

எல்லையில் வண்டிக்கு ‘பன்சார்’ கட்ட வேண்டும். எத்தனை நாள் இருப்போமோ அத்தனை நாளுக்கு முன்பணம். கூடுதலாக நின்றால் அபராதம். மாமா "எட்டு நாள் போடுடா" என்றார். நம்ம மூளை சும்மா இருக்குமா? காட்மாண்டு, பொக்காரா, திரும்புதல் என்று கணக்குப் போட்டு, "ஆறே போதும் மாமா, ரெண்டு நாள் காசு மிச்சம்" என்றேன். வரிசையில் நின்ற அசதியில் அவரும் விட்டுவிட்டார்.

உள்ளே போனதும் எந்தக் கடையிலும் முதல் கேள்வி, "ஐ.சி.யா? என்.சி.யா?" ஐ.சி. என்றால் இந்தியப் பணம், என்.சி. நேபாளப் பணம். நம் 100க்கு அவர்கள் 160. 1993லிருந்து இதே விகிதம்தான். ஐந்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் நம் விலை வந்துவிடும். முதல் நாள் இது பிடிபடவில்லை. 80 என்று தக்காளிக்காரி சொன்னதும் நம்ம நோட்டிலேயே 80 கொடுத்துவிட்டு வந்தேன். சமையல்கார அண்ணன் திட்டிய திட்டு காட்மாண்டு வரை கேட்டது. ஐம்பது கொடுத்திருந்தால் போதுமாம்! அரிசி, பருப்பு, புளி ஊரிலிருந்தே வந்ததால் தினச் செலவு காய், பால், தண்ணீர் ஜார், பார்க்கிங், கழிப்பறைக் காசு, இவ்வளவுதான். அதில் கழிப்பறைக் காசுதான் நோட்டில் பாதிப் பக்கம்! பெரியவர்களுக்குச் சர்க்கரை வியாதி, என்ன செய்ய.

பொக்காராவிலிருந்து புட்வலுக்கு நேர் வழி உண்டு. ஆனால் குறுகல், வளைவு அதிகம். எங்கள் நீள வண்டிக்கு ஆகாது என்று மாமா முக்ளிங், நாராயண்காட் வழியாகவே திரும்பினார். இறக்கம் முழுக்க இரண்டாம் கியர். பிரேக்கை அதிகம் தொடவே இல்லை. எஞ்சின் பிரேக்கிங்கை வகுப்பில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தவனுக்கு அதன் அர்த்தம் திரிசூலி ஆற்றின் பள்ளத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஆறாம் நாள் மாலை தவுன்னே மேட்டில் மாட்டினோம். சாலை அகலப்படுத்தும் வேலை, மேலே மழை, கணுக்கால் அளவு சேறு. முன்னும் பின்னும் லாரி. இரவு அங்கேயே. அண்ணன் ரோட்டோரம் அடுப்பைப் பற்றவைத்து ரவை உப்புமா கிண்டினார். பக்கத்து நேபாளி லாரிக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, தன் கேனிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உப்புமா இறங்கவில்லை. தேதி மாறப்போகிறதே!

மறுநாள் எல்லையில் அபராதம். நான் ‘மிச்சம்’ பிடித்ததைவிட அதிகம். முதலாளி கணக்கில் எழுதினால் கேள்வி வரும். மாமா தன் பேட்டா பணத்தை எடுத்துக் கட்டினார். "நோட்ல ஏத்தாதே" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். காசி வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ஊர் வந்ததும் முதலாளி நோட்டைப் புரட்டினார். "பையன் பத்து பைசா தப்பில்லாம எழுதியிருக்கான்" என்று ஐநூறு ரூபாய் இனாம் கொடுத்தார். வெளியே வந்து அதை அப்படியே மாமாவிடம் நீட்டினேன்.

"ஐ.சி.யா, என்.சி.யா?" என்று கேட்டுவிட்டு, வாங்கிக்கொள்ளாமலே டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.